கிரீக்கரும் சமோரோக்களும்

1898ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆந் திகதி, பசிபிக் சமுத்திரத்தின் மேற்குப் பாகத்திலுள்ள குவாம் என்னுஞ் சிறு தீவின் துறைமுகத்துள் ‘சார்ள்ஸ்ரன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நுழைந்து, அங்கிருந்த பழைய கோட்டையை நோக்கிச் சில வேட்டுக்களைத் தீர்த்தது. தீவை ஆண்ட ஸ்பானிய அதிகாரிகளுக்கோ, தம் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்ட செய்தி எட்டியிருக்கவில்லை. அவ்வேட்டுக்களை மரியாதை வேட்டுக்கள் என்று எண்ணிக் கப்பலுக்குச் சென்ற பின்னரே தாம் பகைவர் கையில் அகப்பட்டிருப்பதை அவர்கள் அறிந்தனர். மறுநாள் தீவு அமெரிக்கர் வசமாயிற்று.

அதிலிருந்து ஏழாம் நாள், யூன் 28ஆந் திகதி, வாஷிங்ரன் நகரில் ஒரு சட்டம் நிறைவேறியது. கேர்ட்டிஸ் சட்டம் என்பது அதன் பெயர். அக்காலத்தில் இந்தியப் பிரதேசம் என வழங்கிய, இன்றைய ஒக்லகோமா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த கிரீக் முதலாய ஐந்து ஆதிக்குடிகளின் நீதிமன்றங்களை மூடவும், அவர்களுடைய பொதுக் காணியைத் துண்டாடித் தனியாட்களுக்குப் பங்கிடவும் அச்சட்டம் வகை செய்தது.

குவாமில் வாழ்ந்த சமோரோ மக்களும், இந்தியப் பிரதேசத்தில் வாழ்ந்த கிரீக் மக்களும் ஒருவரையொருவர் கண்டதுமில்லை, ஒருவர் பெயரை மற்றவர் கேட்டதுமில்லை. ஆயினும் ஒரே கிழமையில், ஒரே அரசின் கை இரு சமூகங்களின் மேலும் விழுந்தது. ஒரு சமூகம் நாடிழந்தும் தன் உரிமையை நிலைநாட்டுவதற்கு ஓர் ஆதாரத்தை வைத்திருந்தது. மற்றச் சமூகம் தன் தீவிலேயே இருந்தும் அத்தகைய ஆதாரம் இல்லாதிருந்தது. இன்றைய அவர்களின் நிலைகளை ஒப்பிடுவோர்க்கு இவ்வேற்றுமையே திறவுகோலாகும்.

கிரீக்கர் தம்மை மஸ்கோகி என்றே கூறிக்கொள்வர். யோர்ஜியாவில் ஓர் ஓடையின் கரையில் வாழ்ந்த அவர்களுள் ஒரு சாராரை ஆங்கில வணிகர் ஓடையின் மக்கள் எனக் குறித்தமையால், ஓடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே முழுச் சமூகத்துக்கும் பெயராயிற்று. இன்றைய யோர்ஜியா, அலபாமா மாநிலங்களின் ஆற்றங்கரைகளில் அவர்களுடைய ஊர்கள் இருந்தன. தல்வா எனப்படும் ஒவ்வோர் ஊரும் தனக்கெனச் சபையும், தலைவனும், அணையா நெருப்பெரியும் சதுக்கமும் உடையது. பெண்கள் சோளமும் அவரையும் பயிரிட்டனர், ஆடவர் வேட்டையாடினர். குலம் தாய்வழியே கணிக்கப்பட்டது. வீடும் வயலும் பெண்வழியினர் பொறுப்பில் இருந்தன. நிலமோ எவரும் விற்கக்கூடிய பொருளாகக் கருதப்படவில்லை.

சமோரோ மக்கள் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் மேற்கேயிருந்து கடல் கடந்து மரியானாத் தீவுகளிற் குடியேறியவர்கள். அவர்களுடைய மொழி மலாய் மொழி சேர்ந்த பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. கற்றூண்களின் மேல் வீடமைத்து, நெல் பயிரிட்டு, விரைந்தோடும் படகுகளில் மீன்பிடித்து வாழ்ந்தனர். அவர்களிடையேயும் தாய்வழிக் குலமுறையே நிலவிற்று. அங்கும் காணி குலத்துக்குரியது. பல்லாயிரம் மைல் இடைவெளியில் வாழ்ந்த இரு சமூகங்கள், காணியையும் உறவையும் நோக்கிய முறையில் இவ்வளவு ஒத்திருந்தமை குறிப்பிடத்தக்கது.

இருவருக்கும் நேர்ந்த இடர்களோ வெவ்வேறு வழியில் வந்தன. சமோரோக்களுக்கு அவை முன்னரே வந்துவிட்டன. 1521இல் மகெல்லன் அத்தீவுகளைக் கண்டார். 1668இல் ஸ்பானியப் பாதிரிமார் வந்திறங்கினர். அவர்களைத் தொடர்ந்து படைவீரரும் வந்தனர். ஏறத்தாழ முப்பதாண்டுகள் நீடித்த போர்களும், அந்நிய நோய்களும், வட தீவுகளின் மக்களைக் குடிபெயர்த்துக் குவாமில் அடைத்தமையும் சேர்ந்து, பல்லாயிரவராயிருந்த சமூகத்தை 1710ஆம் ஆண்டளவில் 4,000க்கும் குறைந்த தொகையினராக ஆக்கிவிட்டன. எஞ்சியோர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, ஸ்பானியச் சொற்கள் பலவற்றைத் தம் மொழியிற் கலந்து, சிறு தோட்டக்காரராய் வாழ்ந்தனர். எனினும் காணி பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது.

கிரீக்கருக்கு இடர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. பருத்தி பயிரிட நிலம் தேடிய வெள்ளையர் யோர்ஜியாவையும் அலபாமாவையும் நெருக்கினர். 1814இல் ஹோர்ஸ்ஷூ பென்ட் என்னும் ஆற்று வளைவில் நடந்த போரில் கிரீக்கருள் ஒரு சாரார் தோற்றனர். அவ்வாண்டே செய்யப்பட்ட போட் யக்ஸன் உடன்படிக்கையால் 2 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பறிபோயிற்று. அமெரிக்கரோடு சேர்ந்து போரிட்ட கிரீக்கரின் நிலமும் அதனுள் அடங்கியது. 1832இல் எஞ்சிய நிலம் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது; ஏமாற்று வியாபாரிகள் அப்பங்குகளைக் கவர்ந்தனர். 1836இலும் அதனையடுத்த ஆண்டிலும் ஆயிரக்கணக்கானோர் படைக்காவலுடன் மேற்கே துரத்தப்பட்டனர். 1837 ஒற்றோபரில் அவர்களுள் ஒரு பகுதியினரை ஏற்றிச் சென்ற ‘மொன்மவுத்’ என்னும் நீராவிப் படகு மிசிசிப்பி ஆற்றில் இன்னொரு கப்பலுடன் மோதி உடைந்து, ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். உயிர்தப்பிச் சென்றோர் தம் பழைய ஊரின் நெருப்புச் சாம்பலைச் சுமந்து சென்று புதிய இடத்தில் மீண்டும் மூட்டினர். அவ்வாறு ஓர் ஊரார் நெருப்பு மூட்டிய இடமே இன்று தல்சா என்னும் பெருநகராய் விளங்குகின்றது.

இவ்வளவு துன்பத்துக்கும் ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வாக்கு. மேற்கிலுள்ள நிலம் அவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரியது, எந்த மாநிலத்தின் சட்டமும் அங்கே செல்லாது என்று உடன்படிக்கைகள் கூறின. 1852இல் அமெரிக்க சனாதிபதி அந்நிலத்துக்கு முறைப்படி உறுதியும் எழுதிக் கொடுத்தார். இரு தரப்பார் எதிரெதிரே அமர்ந்து, ஒருவரையொருவர் ஓர் அரசாக ஏற்று, கையொப்பமிட்ட ஆவணங்கள் அவை. சமோரோக்களுக்கு அத்தகைய ஆவணம் ஒன்றேனும் இல்லை. 1898 திசெம்பரில் பாரிஸ் நகரில் ஸ்பெயினும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையாற் குவாம் கைமாறிற்று. அங்கு வாழும் சுதேசிகளின் குடியுரிமையையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானிக்கும் என்று மாத்திரம் அதில் எழுதப்பட்டது. அச்சுதேசிகளிடம் எவரும் கேட்கவில்லை. மறு ஆண்டு வட மரியானாத் தீவுகளை ஸ்பெயின் யேர்மனிக்கு விற்றது. ஓரின மக்கள் அன்று முதல் இரு கொடிகளின் கீழ்ப் பிரிந்தனர்.

1898இன் பின் கிரீக்கரின் காணிக்கு என்ன நேர்ந்தது என்பதை நோக்குவோம். ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் பொதுநிலம், பதிவேட்டிற் பெயரெழுதப்பெற்ற 18,000க்கு மேற்பட்டோருக்குத் தலைக்கு 160 ஏக்கர் வீதம் பங்கிடப்பட்டது. தனிச்சொத்து கிடைத்தால் மக்கள் முன்னேறுவர் என்பது சட்டம் செய்தோரின் வாதம். நடந்ததோ வேறு. 1905இல் தல்சாவுக்குத் தெற்கே ஒரு கிரீக் பெண்ணின் பங்குக் காணியில் எண்ணெய் பொங்கியது. கிளென் பூல் எனப்பட்ட அவ்வெண்ணெய்க் களம் அந்நாளில் உலகப் புகழ் பெற்றது. காணியின் பெறுமதி உயர உயர, அதைக் காக்கத் தெரியாதவர்கள் எனச் சொல்லிச் சிறுவர்க்கும் பலவகைப் பெரியோர்க்கும் உள்ளூர் நீதிமன்றங்கள் பாதுகாவலரை நியமித்தன. 1908இல் விற்பனைக் கட்டுப்பாடுகள் பெரிதுந் தளர்த்தப்பட்டன. பாதுகாவலர் பலர் தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளின் சொத்தையே விழுங்கினர். இக்கொள்ளையை அஞ்சி ஒதுங்காது ஆராய்ந்து அஞ்சி டெபோ என்னும் சரித்திர ஆசிரியை எழுதிய நூல் 1940இல் வெளிவந்தது. பங்கீட்டை ஏற்க மறுத்த சிட்டோ ஹார்யோ என்னும் தலைவரும் அவரைச் சேர்ந்தோரும் 1901இற் சிறைப்பிடிக்கப்பட்டனர். ஒரு தலைமுறைக்குள் பங்குக் காணிகளுட் பெரும்பாலானவை பிறர் கைக்கு மாறின. காணியைப் பறிக்க அங்கே படை தேவைப்படவில்லை. விற்கக்கூடாததை விற்கக்கூடியதாக்கியதே போதுமாயிற்று.

குவாமிற் காணி படையினாலேயே சென்றது. 1898 முதல் அத்தீவை ஆண்டது அமெரிக்கக் கடற்படை. கடற்படைத் தளபதியே தேசாதிபதி. சட்டம் செய்பவரும் அவரே. பாடசாலையிற் பிள்ளைகள் தாய்மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. 1941 திசெம்பரில் யப்பானியர் தீவைக் கைப்பற்றினர். கட்டாய உழைப்பும், தண்டனைகளும், 1944 யூலையில் மனெங்கோன் பள்ளத்தாக்கை நோக்கி மக்களை நடத்திச் சென்ற கொடுமையும் இன்றும் அங்கே நினைவுகூரப்படுகின்றன. 1944 யூலை 21ஆந் திகதி அமெரிக்கர் மீண்டும் வந்திறங்கியபோது மக்கள் அவர்களை மீட்பராகவே வரவேற்றனர். ஆனால் மீட்டவர்கள் தீவின் பெரும்பகுதியை விமானத்தளங்களுக்கும் கடற்படைத் தளத்துக்குமாக எடுத்துக்கொண்டனர். போருக்கு முன் தீவின் இரண்டாம் பெரிய ஊராயிருந்த சுமாய் கடற்படைத் தளத்துள் மறைந்தது. அவ்வூரார் குன்றுப் பக்கம் சான்ரா றீற்றா என்னும் புதிய ஊருக்குச் சென்றனர். எடுக்கப்பட்ட காணிகளுக்கு அன்று கொடுத்த விலை மிகக் குறைவு என்ற முறைப்பாடு எழுந்து, நெடுநாள் வழக்கின் பின் 1980களிலேயே மேலதிக நட்டஈடு கிடைத்தது. ஏறத்தாழ 210 சதுரமைல் பரப்புள்ள தீவில் இன்றும் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் படையின் வசமுள்ளது.

இவ்விழப்புக்கள் பொருளாதார வாழ்வை மாற்றிய விதமும் ஆராயத்தக்கது. போருக்கு முன் சமோரோக் குடும்பம் ஊரில் ஒரு வீடும், ஊருக்கு வெளியே லஞ்சோ எனப்படும் தோட்டமும் உடையது. தென்னை, சோளம், கிழங்கு, கோழி, பன்றி, கடல் மீன் ஆகியவற்றால் அது பெரும்பாலும் தன் தேவையைத் தானே நிறைவு செய்தது. தோட்டம் தளத்துள் அகப்பட்டபின், அத்தோட்டக்காரனே அத்தளத்திற் கூலியாளானான். கையிற் பணம் முன்னிலும் அதிகம் புழங்கியது. ஆனால் உணவு கப்பலில் வரவேண்டியதாயிற்று. 1967 முதல் யப்பானிய உல்லாசப் பிரயாணிகள் வரத்தொடங்கினர். அன்று முதல் படையும் உல்லாசப் பிரயாணமும் குவாமின் இரு தூண்கள். இரண்டையும் தாங்குவன தீவுக்கு வெளியே செய்யப்படும் தீர்மானங்கள். வேலை தேடியும், பெருந்தொகையாக அமெரிக்கப் படையிற் சேர்ந்தும் இளைஞர் வெளியேறினர். குவாமில் வாழ்வோரிலும் அமெரிக்கப் பெருநிலத்தில் வாழும் சமோரோக்களின் தொகையே இன்று அதிகம். 1940இல் தீவின் மக்கள் 22,290 பேர். அவர்களுட் பத்தில் ஒன்பது பங்கினர் சமோரோக்கள். 2020ஆம் ஆண்டுக் கணிப்பின்படி மக்கள் 153,836 பேர். சமோரோக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே.

கிரீக்கரின் நிலை இதற்கு நேர்மாறான ஒரு பாதையிற் சென்றது. 1907இல் ஒக்லகோமா மாநிலமான பின், அவர்கள் தம் சொந்த நாட்டிலேயே சிறு தொகையினராய், வறியோராய், சிதறி வாழ்ந்தனர். தேசத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட நெடுங்காலம் அவர்களுக்கு இருக்கவில்லை. அமெரிக்க சனாதிபதியே தலைவரை நியமித்தார். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவர்கள் தம் தலைவரைத் தாமே தேர்ந்தனர். 1979இல் புதிய அரசியல் யாப்பு வந்தது. இன்று மஸ்கோகித் தேசம் ஓக்மல்கி நகரைத் தலைநகராகக்கொண்டு, தன் சட்டசபையும், நீதிமன்றமும், பொலிசும், வைத்தியசாலைகளும், 2004இல் நிறுவப்பட்ட கல்லூரியும் உடையதாய், ஏறத்தாழ ஓர் இலட்சம் பிரசைகளைக் கொண்ட ஆட்சியாக விளங்குகின்றது. இதற்கான பணத்தில் ஒரு பகுதி மத்திய அரசிலிருந்தும், இன்னொரு பகுதி தேசம் நடத்தும் தொழில்களிலிருந்தும் வருகின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நடைபெறும் சூதாட்ட விடுதிகள் அத்தொழில்களுள் முதன்மையானவை. சூதாட்டப் பணம் வைத்தியசாலை கட்டுவதை விரும்பாதோரும் உளர். ஆனால் வரிவிதிக்கப் போதிய காணியில்லாத ஓர் அரசு வேறெவ்வழியிற் பணந் தேடும் என்ற வினாவுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

சமூக வாழ்வில் இரு சாராரும் பேணியவை வியப்புக்குரியன. சமோரோக் குடும்பங்களில் இளையோர் மூத்தோரின் கையைத் தம் முகத்தருகே கொண்டு வணங்குதல் இன்றும் வழக்கம். திருமணத்திலும் மரணத்திலும் உறவினர் பணமும் உணவும் உழைப்பும் கொடுப்பர். சென்சுலி எனப்படும் அக்கொடை நினைவில் வைக்கப்பட்டு, பின்னொரு நாள் திருப்பிக் கொடுக்கப்படும். தந்தைவழிப் பெயரை ஸ்பானியர் புகுத்தினும், வீட்டினுள் தாயின் சொல்லே செல்வாக்குப் பெற்றிருக்கின்றது. கிரீக்கரும் தாய்வழிக் குலத்தை மறக்கவில்லை. அவர்களுட் சிலர் பழைய சதுக்கங்களிற் கோடைகாலத்துப் பச்சைச் சோளப் பண்டிகையை நோன்பிருந்து கொண்டாடுவர். வேறு சிலர் பப்ரிஸ்த, மெதடிஸ்த ஆலயங்களில் மஸ்கோகி மொழியிலேயே ஞானப்பாட்டுக்கள் பாடுவர். எனினும் இரு மொழிகளையும் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியோரே. பாடசாலைகளிலும் வகுப்புக்களிலும் மொழியை மீட்க இரு சாராரும் இன்று முயல்கின்றனர்.

இனி அரசியல் உரிமையை நோக்குவோம். ஒக்லகோமாவில் வாழும் கிரீக்கர் ஒருவர் அமெரிக்கப் பிரசை. சனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பவர். அதனோடு தம் தேசத்தின் தேர்தலிலும் வாக்களிப்பவர். குவாம் மக்களுக்கு அமெரிக்கப் பிரசாவுரிமை 1950ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அதற்கு முன்னாண்டில் அவர்களுடைய சபையினர் கடற்படைத் தேசாதிபதியின் போக்கைக் கண்டித்து வெளிநடப்புச் செய்தமை அதற்கு ஒரு தூண்டுகோலாயிருந்தது. தம் தேசாதிபதியை அவர்கள் முதன்முதலாகத் தேர்ந்தது 1970இல். ஆயினும் சனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. காங்கிரஸில் அவர்களுடைய பிரதிநிதிக்குச் சட்டங்களின்மேல் இறுதி வாக்களிக்கும் உரிமையில்லை. வறிய முதியோர்க்கும் அங்கவீனர்க்கும் பெருநிலத்தில் மத்திய அரசு கொடுக்கும் துணை வருமான உதவியும் குவாமில் வாழ்வோர்க்கு இல்லை. இத்தகைய பிரதேசங்கள் அமெரிக்காவுக்கு உரியன, ஆனால் அதன் அங்கமல்ல என 1901இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் வகுத்த கொள்கையே இவற்றுக்கெல்லாம் வேர். ஐக்கிய நாடுகள் தாபனம் தன்னாட்சி பெறாத பிரதேசங்களின் பட்டியலிற் குவாமை 1946 முதல் வைத்திருக்கின்றது.

இவ்வேற்றுமை முழுவடிவிற் புலப்பட்ட ஆண்டு 2020. குவாம் சட்டசபை, தீவின் வருங்கால நிலையைக் குறித்துச் சுதேசிகளின் கருத்தை அறிய ஒரு வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் செய்திருந்தது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசையானோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதில் வாக்களிக்கலாம். சமோரோக்களல்லாத குடிகளுள் ஒருவர் இதனை எதிர்த்து வழக்கிட்டார். வமிசத்தைக்கொண்டு வாக்குரிமையை வரையறுத்தல் இனப்பாகுபாடாகும், அமெரிக்க யாப்பின் பதினைந்தாந் திருத்தத்துக்கு முரணாகும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இற் கூறிற்று. 2020 மேயில் அதியுயர் நீதிமன்றம் அதனை மீளாராய மறுத்தது. இரண்டு மாதங்களின் பின், யூலை 9ஆந் திகதி, அதே நீதிமன்றம் மக்கேர்ட் என்பவரின் வழக்கில், கிரீக்கருக்கு உடன்படிக்கையால் ஒதுக்கப்பட்ட நிலப்பரப்பைக் காங்கிரஸ் ஒருபோதும் தெளிவாக ஒழிக்கவில்லை, ஆகவே பாரிய குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைப் பொறுத்தவரை அது இன்றும் கிரீக்கரின் ஒதுக்கு நிலமே என ஐவருக்கு நால்வராகத் தீர்ப்பளித்தது. தல்சா நகரின் பெரும்பகுதியும் அவ்வெல்லையுள் அடங்கியது. தனியாரின் காணி உரிமையை அத்தீர்ப்பு மாற்றவில்லை. 2022இல் வந்த வேறொரு தீர்ப்பு அதன் பயனை ஓரளவு குறைத்தது. எனினும் நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகளாக இறந்துவிட்டதெனக் கருதப்பட்ட ஒரு வாக்கு உயிரோடிருப்பதாக அந்நாள் அறிவிக்கப்பட்டது.

ஒரே நீதிமன்றம் இருவரையும் இவ்வாறு வேறுபடுத்தியது எக்காரணத்தால்? ஆதிக்குடிகளுக்குரிய தனியுரிமை இனத்தைப் பற்றியதன்று, மத்திய அரசோடு அரசியலுறவுள்ள குலத்தின் உறுப்பாண்மையைப் பற்றியது என்பது 1974 முதல் அந்நீதிமன்றத்தின் கொள்கை. கிரீக்கரிடம் அவ்வுறவைக் காட்டும் உடன்படிக்கைகள் இருந்தன. சமோரோக்களோடு அமெரிக்கா உடன்படிக்கை செய்யவில்லை. அவர்களைத் தனிக் குலமாகப் பதிவு செய்யவுமில்லை. ஆகவே கிரீக்கர் ஓர் அரசின் பிரசைகளாயினர். சமோரோக்கள் வெறும் வமிசத்தினராயினர். முன்னையதைக் கேட்டாற் சட்டம் செவிசாய்க்கின்றது. பின்னையதைக் கேட்டாற் பாகுபாடு என்கின்றது. சமோரோக்களுக்கு ஒரு வெள்ளி வருட வாடகைக்குக் காணி கொடுக்க 1970களிற் குவாம் ஏற்படுத்திய நிதியமும் அத்தகைய வழக்கொன்றைச் சந்தித்தது. இனத்தை விடுத்து, முன்னாளிற் காணியிழந்த குடும்பமா என்பதையே தகுதியாகக் கொண்டு 2020இல் அது சமாதானத்துக்கு வந்தது.

சமோரோக்களுக்கு மாற்று வழி இல்லாமற் போகவில்லை என்பதற்கு அவர்களுடைய உறவினரே சான்று. வட மரியானாத் தீவுகள் யேர்மனியின் பின் யப்பானியர் ஆட்சிக்கும், போரின் பின் ஐக்கிய நாடுகளின் பொறுப்பாட்சிக்கும் உட்பட்டன. ஆகவே 1970களில் அவர்கள் அமெரிக்காவோடு எதிரெதிரே அமர்ந்து பேசி ஓர் உடன்பாடு செய்ய முடிந்தது. அதன் பயனாக, அத்தீவுகளின் வமிசத்தாரன்றிப் பிறர் காணியை நிலையாக வாங்குதல் அங்கே தடுக்கப்பட்டுள்ளது. குவாமில் இல்லாத துணை வருமான உதவியும் அங்கே உண்டு. இரத்தம் ஒன்று, மொழி ஒன்று. ஆவணம் வேறு, ஆகவே வாழ்வும் வேறு.

உடன்படிக்கை உரிமையை மட்டும் தருவதில்லை, கடமையையும் சுமத்தும். கிரீக்கருட் செல்வர் சிலர் முன்னாளில் ஆபிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர். அவர்களை விடுவித்துச் சமமான பிரசைகளாக ஏற்பதாக 1866ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கிரீக்கர் ஒப்பினர். 1979ஆம் ஆண்டு யாப்போ, இரத்தவழியினரை மட்டும் பிரசைகளாக்கி, விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களைப் புறம்பாக்கியது. 2025 யூலையில் மஸ்கோகித் தேசத்தின் உயர் நீதிமன்றமே, 1866ஆம் ஆண்டு வாக்கு இன்றும் செல்லும், அவ்வழித்தோன்றல்கள் பிரசாவுரிமைக்கு உரியர் எனத் தீர்ப்புக் கூறிற்று. அமெரிக்கா தன் வாக்கைக் காக்கவேண்டும் என வழக்காடி வென்றவர்கள், தம் வாக்கையும் காக்கவேண்டும் என்று தம் நீதிமன்றத்தாலேயே பணிக்கப்பட்டனர்.

தீவை விட்டு நீங்காத சமோரோ, தன் தோட்டம் இருந்த இடத்தை இன்று வேலிக்கு வெளியே நின்று பார்க்கின்றான். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட கிரீக்கர், தல்சா நகரின் நடுவே தம் முன்னோர் நெருப்பு மூட்டிய மரத்தடிக்கு இன்றும் செல்கின்றனர். குவாமின் பிள்ளைகள் பலர் அமெரிக்கப் படையிற் பணிபுரிந்து திரும்பும்போது, தம்மை அனுப்பும் சனாதிபதிக்கு வாக்களிக்க உரிமையற்ற தீவுக்கே திரும்புகின்றனர். 1898இல் எவரும் அவர்களுடைய பாட்டன்மாரிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உங்கள் விருப்பம் யாது என்பது அது. அக்கேள்வி முறைப்படி கேட்கப்படும் நாளையே அத்தீவு இன்னும் எதிர்நோக்கியிருக்கின்றது.